தீக்காய வழக்கு: இலவச வக்கீலா, பங்கு கேட்கும் வக்கீலா?

காசிமேட்டில் எங்கள் வீட்டில் கேஸ் கசிந்து தீப்பிடித்ததில் தங்கைக்குக் கழுத்தும் வலது கையும் வெந்துபோயின. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைத் தீக்காய வார்டிலிருந்து வீடு திரும்பிய வாரமே ஒரு வக்கீல் தேடி வந்தார். முன்பணம் வேண்டாம், வரும் பணத்தில் நூற்றுக்கு முப்பது போதும் என்றார். இன்னொரு வழி, இலவசமாக வக்கீல் கொடுக்கும், உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு. நாங்கள் அங்கேதான் போனோம்.

வேகம் என்று பார்த்தால் தனி வக்கீல்தான். ஆணைக்குழு எங்களுக்குக் கொடுத்த வக்கீல் நடுவில் மாறினார். புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னோம்.

ஆனால் தீக்காயச் செலவு வார்டோடு முடிவதில்லை. வடு தடிக்காமலிருக்க, தோலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உடையை நாளுக்கு 23 மணி நேரம், ஒரு வருடத்துக்கும் மேலாகப் போட வேண்டும். சில மாதத்தில் அது தளர்ந்துவிடும், புதிதாகத் தைக்க வேண்டும். கழுத்துத் தோல் இழுத்துக்கொண்டால் மறுபடி அறுவை. கையை மடங்காமல் தாங்கும் ஸ்பிளிண்ட், பிசியோதெரபி, போகவர ஆட்டோ, வேலைக்குப் போகாத நாள்களின் கூலி. லட்சத்தில் முப்பதாயிரத்தைக் கொடுத்துவிட்டால் இதையெல்லாம் எதை வைத்துச் செய்வது? அதோடு, கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது, வக்கீல்களுக்கு விதி வகுக்கும் பார் கவுன்சில் விதிப்படியே கூடாது. இதை எங்களுக்குச் சொன்னதே இலவச வக்கீல்தான். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இந்த உதவி உண்டு. 15100க்கு போன் செய்தால் போதும்.

சிலிண்டர் விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துவைத்த காப்பீட்டில் சிகிச்சைக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை கேட்கலாம். ஏஜென்சிக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள். நாங்கள் முதலில் வாயால்தான் சொன்னோம். யாரும் சொல்லவே இல்லை என்றார்கள். அதற்குமேல் நஷ்டஈடு வேண்டுமென்றால் வடசென்னைக்கென்றே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 வருடத்துக்குள் போக வேண்டும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை.

இது ஒரே ஒரு வழக்கின் அனுபவம். ரெகுலேட்டரா, குழாயா, யார் தவறு என்று நிபுணர் சாட்சியோடு மோதும் வழக்கென்றால், ஃபீஸை முன்கூட்டியே பேசி நல்ல தனி வக்கீலை வைப்பது சரியாக இருக்கலாம். ஃபேக்டரியில் காயம்பட்டு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் வழியே வேறு.

எப்படியானாலும் ஏ.ஆர். காப்பி (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்), எஃப்.ஐ.ஆர்., ரசீதுகள் எதையும் தொலைக்காதீர்கள். காப்பீட்டுப் பணம் பங்கு போகாமல் வந்தது. அதில்தான் போன மாதம் தங்கைக்கு மூன்றாவது அழுத்த உடை தைத்தோம்.