புலியா, நாரையா, பனியா: எதற்காகக் காட்டுக்குப் போகிறோம்?

லீவு விட்டதும் "எந்தக் காட்டுக்குப் போகலாம்?" என்று கேட்கும் நண்பர்களிடம், இடம் சொல்வதற்கு முன்னால், போய் என்ன பார்க்க ஆசை என்று கேட்டுவிடுவேன். முதுமலைக்குப் போக வேண்டியவர் வேடந்தாங்கல் போனாலும், வேடந்தாங்கலுக்குப் போக வேண்டியவர் வால்பாறை போனாலும் காசும் நேரமும்தான் வீண்.

பெரிய விலங்கைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு முதுமலை. யானை, காட்டுமாடு, புள்ளிமான் எல்லாம் கண்ணில் பட நல்ல வாய்ப்பு உண்டு. புலி? இருக்கிறது. ஆனால் உண்ணிச்செடி புதர் புதராக மண்டிக் கிடக்கும் இடத்தில் அது பத்தடி தள்ளிப் படுத்திருந்தாலும் வண்டியில் இருப்பவருக்குத் தெரியாது. புலி ஒன்றையே நினைத்துக்கொண்டு போனவர்கள், வழியில் பார்த்த மானையும் மயிலையும் கணக்கிலேயே சேர்க்காமல் முகம் வாடித் திரும்புவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சின்னப் பிள்ளைகளோடு போகிறீர்களா, அங்கேயே இருக்கும் தெப்பக்காடு யானை முகாமே போதும். பாகன் ராகி உருண்டையை யானையின் வாய்க்குள் கையை விட்டு ஊட்டுவதைப் பார்த்த பிள்ளை லேசில் மறக்காது.

வேடந்தாங்கலுக்கு வருகிறவர் வேறு ரகம். சுமார் 30 ஹெக்டேர் ஏரி, கரையோரமாக ஒரு நடை, பார்க்க அவ்வளவுதான். பொறுமை இல்லாதவருக்கு அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். பொறுமை இருப்பவர் நத்தைகுத்தி நாரையின் அலகையே பார்த்துக்கொண்டு நிற்பார்: மேலலகும் கீழலகும் நடுவில் சேராமல் ஒரு சந்து தெரியும், குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் வரும். இதைத் தானே கண்டுபிடித்த சந்தோஷத்துக்காகத்தான் அவர் வருடா வருடம் வருகிறார். அப்புறம், பறவையின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்து, 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் பேசிப் பறவைகளுக்குப் பாதுகாப்பு வாங்கிய ஊர்க்காரர்கள் இருக்கிறார்களே, அவர்கள் கதையைத் தெரிந்துகொள்ள வருகிறவர்களும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த கூட்டம் இதுதான், மறைக்க ஒன்றுமில்லை.

வால்பாறையில்தான் சிக்கல். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு வேண்டியது குளிர், பனி, தேயிலைத் தோட்டம், நாலு போட்டோ. அதில் தப்பே கிடையாது, வேலைக் களைப்பு தீர எங்கேயாவது போகத்தானே வேண்டும். ஆனால் அதே சாலையில் மலை இருவாச்சிப் பறவைக்காகக் காத்திருப்பவரும் நிற்கிறார். பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு முட்டையிட்டு அடைகாக்க, ஆண் பழம் கொண்டுவந்து சின்னப் பிளவு வழியாக ஊட்டும். அந்த ஒரு காட்சிக்காக மணிக்கணக்கில் நிற்பார். பக்கத்தில் ஒரு கார் ஹாரன் அடித்தால் போச்சு. புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குக்குச் சிப்ஸ் போடுகிறவர்களும் கெட்ட எண்ணத்தில் போடுவதில்லை, ஏதோ பாசம்தான். ஆனால் தீனிக்குப் பழகிய குரங்கு சாலையில் இறங்கி வண்டியில் அடிபடுகிறது. குளிருக்காக மட்டும் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இந்த இரண்டும்தான், ஹாரனும் தீனியும் வேண்டாம்.

இன்னொரு கூட்டத்துக்கு வெறுமனே பார்த்தால் போதாது, காட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும். அவர்களுக்குப் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பைச் சொல்வேன். பயணமே வேண்டாம், வீட்டுக்குப் பக்கத்துக் குளத்திலேயே எண்ணலாம்.

சரி, முதல்முறை போகிறவர், எது பிடிக்கும் என்றே தெரியாதவர் எங்கே போவது? என் ஓட்டு வேடந்தாங்கலுக்கு. டிசம்பர், ஜனவரியில், அந்த வருடம் ஏரி நிரம்பியதா என்று விசாரித்துவிட்டு, வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள். தொலைநோக்கி இல்லாவிட்டால் யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.