ட்ரயலை "ஒரிஜினல் லைசன்ஸ்" என்று விற்கிறார்கள், கவனம்

இலங்கை மலையகத்தில் பொறியியல் படிக்கிற தம்பி, தங்கச்சிமாருக்கு இது. டவுனில் உள்ள ஒரு கணினிக் கடையில், சிமுலேஷன் மென்பொருளுக்கு (காற்றோட்டம், பலம் போன்றவற்றைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது) ஒரு வருஷ லைசன்ஸ் என்று சொல்லி என்னிடம் 18,000 ரூபாய் வாங்கினார்கள். போட்டுத் தந்தது வெறும் 30 நாள் ட்ரயல். அந்தக் கம்பெனியின் தளத்தில் மின்னஞ்சல் கொடுத்துப் பதிந்தால் யாருக்கும் சும்மா கிடைப்பது.

என் ப்ராஜெக்ட், தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டிக்குள் காற்று எப்படிப் போகிறது என்பது. கொழுந்து பரப்பிய வலைக்கு அடியில் காற்று சமமாகப் பரவாவிட்டால் ஒரு பக்கக் கொழுந்து காய்ந்துவிடும், மறுபக்கம் ஈரமாகவே கிடக்கும். மெஷ்ஷை, அதாவது கணக்குக்காக வடிவத்தைப் பிரிக்கும் சிறு கட்டங்களை, திருத்தித் திருத்தி, விடை நம்பும்படி வரத் தொடங்கிய நேரத்தில் "ட்ரயல் முடிந்தது" என்று திரையில் வந்து நின்றது. செய்துவைத்த ரிசல்ட்டைத் திறந்து பார்க்கவும் வழியில்லை. கடையில் போய்க் கேட்டால், "விண்டோஸ அழிச்சிட்டுத் திரும்பப் போடணும், இன்னும் 5,000 ஆகும்" என்கிறார்கள். பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தேன். "சொஃப்ட்வேர் இன்ஸ்டோல்" என்று மட்டும்தான் இருக்கிறது, லைசன்ஸ் பற்றி ஒரு எழுத்து இல்லை. படிக்கிற பிள்ளைகளிடம் இப்படிப் பிடுங்குவது பெரிய அநியாயம்.

காசு கொடுக்குமுன் கடையிலேயே மென்பொருளைத் திறந்து, லைசன்ஸ் விவரத்தில் யார் பெயர், எந்தத் திகதி வரை என்று பாருங்கள். உண்மையில் மாணவருக்குக் காசே தேவையில்லை. ஆன்சிஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளின் ஸ்டூடன்ட் பதிப்பு இலவசம்; கட்டமைப்புக் கணக்குகளுக்கு 128,000 நோட் (மெஷ்ஷில் உள்ள புள்ளிகள்) வரை விடும், வணிக வேலைக்கு மட்டும் பாவிக்கக்கூடாது. காற்றோட்டத்துக்கு ஓப்பன்ஃபோம் என்ற மென்பொருள் இருக்கிறது. 2004 முதல் திறந்த மூலமாகக் கிடைக்கிறது, காலாவதி என்ற பேச்சே இல்லை. பழகக் கொஞ்சம் கஷ்டம்தான்.

ட்ரயல்தான் வேண்டுமென்றால் அவசரப்பட்டுப் பதியாதீர்கள். பெரும்பாலும் பதிந்த அன்றே நாள் ஓடத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே ஃப்ரீகேட் என்ற இலவச வரைதல் மென்பொருளில் வடிவத்தை வரைந்து, மின்விசிறியின் காற்றளவை எடுத்து, கையால் ஒரு தோராயக் கணக்கும் போட்டு வையுங்கள். முதலில் பெரிய கட்டங்களாக மெஷ் போட்டு ஓட்டிப் பாருங்கள். அப்புறம், படங்களையும் எண்களையும் அன்றன்றே தனிக் கோப்பாக வெளியே எடுத்துவிடுங்கள். ட்ரயல் முடிந்தாலும் அவை கையில் இருக்கும்.

இதே மாதிரி ஏமாந்தவர்கள் பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிடுங்கள். நானும் முறையிட்டிருக்கிறேன். காசு இன்னும் வரவில்லை. அந்தக் கடையில் அதே "லைசன்ஸ்" விற்பனை நடந்துகொண்டுதான் இருக்கிறது.