‘ஆயிரம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்

கோலாலம்பூரில் புதுவீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், கட்டப் போகிறவர்கள், தயவுசெய்து உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து மழைநீர்த் தொட்டி என்ற வரியைப் பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் லிட்டர் என்றோ கேலன் என்றோ எழுதியிருக்கிறதா? எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை. அந்த ஒரு சொல் இல்லாததால் எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

செகாம்புட்டில் மாமனார் விட்டுச்சென்ற பலகை வீட்டை இடித்துவிட்டு அதே நிலத்தில் கல்வீடு கட்டினோம். கூரை 180 சதுர மீட்டர். அனுமதி பெற்ற வரைபடத்தில் கட்டடக் கலைஞர் 1,000 கேலன் மழைநீர்த் தொட்டி ஒன்றைத் தெளிவாகக் காட்டியிருந்தார். நம் நாட்டில் இது புதிய பேச்சு அல்ல. 1998-இல் கிள்ளான் பள்ளத்தாக்கு தண்ணீருக்குத் தவித்ததை அடுத்து, 1999-இல் வீடமைப்பு அமைச்சு மழைநீர்ச் சேகரிப்புக்கு வழிகாட்டி வெளியிட்டது. பிறகு 1984-ஆம் ஆண்டின் கட்டடத் துணைச் சட்டங்களில் திருத்தம் வந்தது. அதை மாநிலங்கள் தனித்தனியாக அரசிதழில் வெளியிட வேண்டும். அப்படி ஏற்ற இடங்களில், 100 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கூரையுள்ள புதிய தனிவீட்டுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். ஆகவே பக்கத்து ஊர்க்காரர் சொல்வதை நம்பாமல் உங்கள் ஊராட்சி மன்றத்திலேயே கேளுங்கள்.

எனக்குக் கட்டாயம் என்பதைவிட ஆசைதான் பெரிது. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் கழிவு கலந்து சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோது, வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லோரிக்காக நின்றவள் நான். 10 மில்லிமீட்டர் மழை பெய்தாலே எங்கள் கூரையில் 1,800 லிட்டர் விழும். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலையானால் இடியோடு கொட்டும் இந்த ஊரில் அத்தனையும் கால்வாய்க்குத்தானே போகிறது?

வீட்டைக் கட்டிக்கொடுத்த குத்தகையாளர், கோயிலில் பழக்கமான குடும்பத்தின் வழியாக வந்தவர். விலைப் பட்டியலில் “மழைநீர்த் தொட்டி 1000, குழாய், பம்ப் உட்பட: 12,500 ரிங்கிட்” என்று ஒரே வரி. “அக்கா, எல்லாம் அதில் அடக்கம், நீங்கள் கவலையே படாதீர்கள்” என்றார். வாடகை வீட்டுக்கு மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருந்த நேரம். நானும் கணவரும் கையெழுத்துப் போட்டோம்.

குடிவந்த பிறகு தொட்டி எப்போதும் நிரம்பியே இருந்தது. எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. குறையைக் கண்டுபிடித்தவர் அத்தை. ஒரு காலை, கறிவேப்பிலைக் கன்றுக்கு அந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தவர், கையில் ஏந்தி முகர்ந்து பார்த்தார். “இது மழைத் தண்ணீர் இல்லையம்மா. மருந்து வாசம் அடிக்கிறது” என்றார். நானும் முகர்ந்தேன். சமையலறைக் குழாயில் வரும் அதே குளோரின் வாசம்.

செந்தூலிலிருந்து வேறொரு குழாய்ப் பணியாளரை வரவழைத்தோம். பொறுமைசாலியான தம்பி. ஏணி போட்டு மூடியைத் திறந்து, என்னையும் ஏறிப் பார்க்கச் சொன்னார். உள்ளே குடிநீர்க் குழாய் ஒன்று மிதவை வால்வோடு நேராக இறங்கி, அதன் வாய் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. மழை இல்லாத நாளில் பம்ப் வறண்டுபோகாமலிருக்கக் கொஞ்சம் குடிநீர் விடுவது வழக்கம்தான். ஆனால் அதற்கான மிதவை தொட்டியின் அடிமட்டத்தில் இருக்க வேண்டும். எங்கள் தொட்டியில் அது உச்சியில் இருந்தது. ஒரு வாளி எடுத்தால் ஒரு வாளி குடிநீர் உடனே நிரம்பிவிடும். மழை பெய்யும்போது தொட்டியில் இடமே இருக்காது. வந்த மழையெல்லாம் வழிவு குழாய் வழியாக வெளியே போய்விடும். கழிப்பறைக்கும் செடிக்கும் காருக்கும் நாங்கள் காசு கொடுத்து வாங்கிய தண்ணீரைத்தான் மழைத் தண்ணீர் என்று எண்ணி ஊற்றிக்கொண்டிருந்தோம்.

இதில் காசைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது என்று அந்தத் தம்பி விளக்கினார். தெருக் குழாயில் அழுத்தம் குறைந்தால், மூழ்கிய வாய் வழியாகத் தொட்டித் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுக் குடிநீரில் கலந்துவிடலாம். அதனால்தான் குடிநீர்க் குழாயின் வாய்க்கும் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் நடுவே காற்று இடைவெளி வேண்டும். நான்கு வயதுப் பேத்தி பல் துலக்கும் தண்ணீர் அது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மற்றவையும் வரிசையாக வெளிவந்தன. கூரையிலிருந்து இறங்கும் நான்கு குழாய்களில் ஒன்றுதான் தொட்டிக்கு வந்தது. மூன்று நேராகக் கால்வாய்க்கு. பறவை எச்சமும் தூசியும் கலந்த முதல் மழையைத் தனியே வெளியேற்றும் குழாய் கிடையாது. வழிவு குழாயின் வாயில் வலை கிடையாது. அதற்கு அடுத்த வாரமே சுகாதார அதிகாரிகள் தெருவில் சோதனைக்கு வந்தார்கள். தொட்டியில் கொசுப்புழு. 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் 500 ரிங்கிட் அபராதம், வீட்டு உரிமையாளரான எங்கள் பெயரில். அவர்கள் கடமையைச் செய்தார்கள், குறை சொல்ல மாட்டேன்.

கடைசியாகத் தொட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தோம். 1,000 லிட்டர். ஆயிரம் கேலன் என்பது 4,546 லிட்டர். காசு கொடுத்ததில் கால் பங்குகூட வரவில்லை. தொலைபேசியில் கேட்டபோது குத்தகையாளர் குரல்கூட மாறவில்லை. “ஆயிரம் என்றுதான் எழுதியிருக்கிறது அக்கா. ஆயிரம்தான் வைத்திருக்கிறேன்.” அதன் பிறகு அவர் அழைப்பை எடுக்கவில்லை.

வீடு முடிந்ததற்கான சான்றிதழை, நாம் சிசிசி என்கிறோமே, 2007 முதல் ஊராட்சி மன்றம் தருவதில்லை. வரைபடத்தைச் சமர்ப்பித்த கட்டடக் கலைஞரோ பொறியாளரோதான் தருகிறார். அதற்கு முன் ஒவ்வொரு கட்டப் பணிக்கும் படிவங்களில் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்துகளுக்கு நான்தான் அவசரப்படுத்தினேன். ஒரே ஒரு மழைக்குக் காத்திருந்திருக்கலாம். குடிநீர் வால்வை அடைத்துவிட்டு, தொட்டியைக் காலி செய்து, ஒரு மாலை மழைக்குப் பிறகு மூடியைத் திறந்து பார்த்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். கடைசித் தவணையை அதுவரை கையில் வைத்திருங்கள்.

பினாங்கில் வீடு கட்டும் என் தோழியிடம் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். நிலத்தடியில் வெள்ளத் தடுப்புத் தொட்டி இருக்கிறது, அதுவே மழைநீர்த் தொட்டிக்கும் போதும் என்று. போதாது. வெள்ளத் தடுப்புத் தொட்டி மழைக்கு முன் காலியாக இருந்தால்தான் வேலை செய்யும். சேமிப்புத் தொட்டியில் தண்ணீர் இருந்தால்தான் நமக்குப் பயன். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழித்துவிட விடாதீர்கள்.

புதுத் தொட்டிக்கும் குழாய்களை மாற்றுவதற்கும் மேலும் 8,300 ரிங்கிட் ஆனது. நிறைந்தால் நாலரை டன்னுக்கு மேல் கனக்கும் என்பதால் அடியில் சிமெண்டுத் தளமும் போட வேண்டியிருந்தது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே வழக்கறிஞர் இல்லாமல் கொண்டுபோகலாம், கட்டணம் 5 ரிங்கிட்தான். வரைபடம், விலைப் பட்டியல், தொட்டிச் சீட்டின் படம், அபராத ரசீது எல்லாவற்றையும் ஒரே உறையில் வைத்திருக்கிறேன். விசாரணைக்கு நாள் குறிக்கவில்லை.

போன சனிக்கிழமை ஜிஞ்சாங் பக்கம் போனபோது, பாதி கட்டிய வீட்டு வாசலில் அதே குத்தகையாளரின் லோரியைப் பார்த்தேன். பக்கத்தில் அதே அளவு நீலத் தொட்டி. காரை நிறுத்தி இறங்கினேன். வீட்டுக்கார அம்மாள் தொழிலாளர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். “உங்கள் ஒப்பந்தத்தில் தொட்டி லிட்டரா, கேலனா?” என்று கேட்டேன். கூஜாவைக் கீழே வைத்துவிட்டுக் காகிதத்தைத் தேடி உள்ளே போனார்.