பிளாக்அவுட் ஸ்கிரீன்: இரண்டு மாதம் மாட்டிப் பார்த்ததில்

எங்கள் தெருவில் மஞ்சள் சோடியம் விளக்கைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்இடி மாட்டியதிலிருந்து, ஜன்னல் கம்பியின் நிழல் ராத்திரி முழுக்க அம்மாவின் கட்டில்மேல் கோடு கோடாக விழும். ஒருநாள் விடிந்துவிட்டது என்று நினைத்து மூன்று மணிக்கே எழுந்து வாசல் தெளிக்கப் போய்விட்டார். மறுநாளே வெளிச்சத்தை மறைக்கும் இந்த ஜன்னல் ஸ்கிரீனை வாங்கினேன், ஏழு அடி, ஜோடி 1,400 ரூபாய்.

துணியில் குறை சொல்ல முடியாது. செல்போன் டார்ச்சைப் பின்னால் வைத்து அடித்துப் பார்த்தேன், ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. ஆனால் மேலே கம்பியில் கோர்க்கும் வளையங்களுக்கு நடுவிலும் இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் நன்றாகவே கசிகிறது. "ஜன்னல் அளவு போதும் சார்" என்று கடையில் சொன்னதைக் கேட்டது தப்பு, பக்கத்துக்கு அரையடி கூடுதலாக வாங்குங்கள். நான் ஓரங்களை வெல்க்ரோ வைத்துச் சுவரோடு ஒட்டிவிட்டேன்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்றால், பார்ப்பதற்கான செல்கள் போக, இது பகலா இரவா என்று மூளைக்குச் சொல்லும் தனி செல்களும் நம் விழித்திரையில் இருப்பது 2002இல் தெளிவானது, அவை நீல ஒளியைத்தான் அதிகம் பிடிக்கும், வெள்ளை எல்இடியில் அந்த நீலம் சோடியத்தைவிட அதிகம், அது கண்ணில் பட்டால் தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு குறையும். கண்ணை மூடித் தூங்கினாலும் முழுசாகத் தப்ப முடியாது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 20 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வந்தது: ஒரே ஒரு இரவு 100 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தில் தூங்கியவர்களுக்கு இதயத் துடிப்பு கூடியது, காலையில் உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்கவில்லை. அம்மா சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், அதைப் படித்தபோது பகீரென்றது. தெருவிளக்கு வெளிச்சம் அந்த 100 லக்ஸ் அளவுக்கு வராதுதான், ஸ்கிரீன் மாட்டினால் சர்க்கரை இறங்கும் என்றும் நான் சொல்லவில்லை. தூக்கம் மட்டும் நிச்சயமாகத் தேறியிருக்கிறது.

பெரிய குறை புழுக்கம். துணி கனம், காற்று துளி வராது, ஏசி இல்லாத அறையென்றால் மே மாதம் கஷ்டம்தான். முதல் வாரம் ரப்பர் வாடையும் அடித்தது, நிழலில் இரண்டு நாள் காயவிட்டதும் போய்விட்டது.

அப்புறம், காலையில் மறக்காமல் விலக்கிவிடுங்கள், உடம்புக்கு அந்த வெயிலும் வேண்டும். அம்மா இப்போது ஐந்தரை வரை தூங்குகிறார், ஹால் ஜன்னலுக்கும் ஒரு ஜோடி சொல்லியிருக்கிறேன், இந்த முறை அரையடி கூட்டி.