மானாவாரி நெல்லுக்குப் பிபிஎஃப்எம்: சில பருவங்கள் தெளித்துப் பார்த்த பிறகு

திருவாடானைப் பக்கம் புழுதி விதைப்பாக (மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்து) நெல் போட்டிருக்கும் என் மைத்துனர், மழை தள்ளிப்போகும்போதெல்லாம் நான் தெளிக்கும் பிபிஎஃப்எம் என்னும் பாக்டீரியாக் கரைசல் உண்மையிலேயே பயிரைத் தாங்குகிறதா என்று கேட்டிருந்தார். தாங்குகிறது என்பதே என் பதில். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் இந்த இளஞ்சிவப்பு நுண்ணுயிர்க் கரைசலைப் பற்றி அவருக்கு அடிப்படை தெரியும். ஆகையால் வயலில் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

நான் போடுவது அண்ணா 4. பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009இல் வந்த இந்த ரகமே வறட்சி தாங்கக்கூடியது என்பதால், கரைசலின் பலன் எது, ரகத்தின் குணம் எது என்று பிரித்தறிய, வரப்புக்கு மறுபக்கத்து வயலைப் பருவந்தோறும் தெளிக்காமலே விட்டு வருகிறேன். ஈரம் குறையத் தொடங்கியதும், தெளிக்காத வயலில் உச்சிப்பொழுதுக்கு முன்பே இலைகள் ஊசிபோலச் சுருண்டுவிடுகின்றன. தெளித்த வயலில் சுருளல் தாமதமாகவே வருவதோடு, வெயில் தாழ்ந்ததும் இலை விரிந்தும் விடுகிறது. அடியிலைகள் மேலும் சில நாள் பச்சையாகவே நிற்பதுதான் நான் எதிர்பாராத மகிழ்ச்சி. கதிரை உள்ளங்கையில் கசக்கி ஊதிப் பார்த்தால் பதரும் குறைவாகவே பறக்கிறது.

இலை வெளிவிடும் மெத்தனாலை உண்டு அதன் மேற்பரப்பிலேயே வாழும் இந்தப் பாக்டீரியா, எத்திலீன் உருவாவதற்கு முன்னோடியான பொருளைச் சிதைத்துவிடுகிறது. வறட்சியில் இலையை முதுமைப்படுத்தும் எத்திலீன் அதனால் குறைகிறது. ஆனால் நிலம் பாளம் பாளமாக வெடித்து நுனி கருகிய பிறகு தெளித்துப் பயனில்லை. முதல் சுருளல் தெரிந்த அன்றே, வெயில் தாழ்ந்த பின், லிட்டருக்கு 10 மில்லி கலந்து தெளித்துவிட வேண்டும். உயிருள்ள சரக்காதலால் பூச்சிமருந்தோடு ஒரே டேங்கில் கலக்கவே கூடாது.

என் கோபமெல்லாம் உரக்கடையின் மேல்தான். எல்லோரும் யூரியாவுக்கு அலையும் நேரத்தில், 266 ரூபாய் 50 காசுக்குத் தர வேண்டிய 45 கிலோ மூட்டையோடு ஏதோவொரு டானிக் பாட்டிலையும் சேர்த்து வாங்கினால்தான் மூட்டை கிடைக்கும் என்கிறார்கள். நான் போகும் கடையில் அந்தப் பாட்டிலின் விலை மூட்டையின் விலையைவிட அதிகம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால், ‘நல்லா பச்சை கட்டும்’ என்பதற்கு மேல் பதில் இல்லை. இப்படி டானிக் என்று விற்கும் உயிரூக்கிகளை (கடற்பாசிச் சாறு போன்ற, பயிர் வளர்ச்சியைத் தூண்டும் பொருட்களை) 2021இல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தபோது, பூச்சிமருந்து எச்சம் பத்து லட்சத்தில் 0.01 பங்கைத் தாண்டக்கூடாது என்றுகூட வரம்பு வைத்தார்கள். அவ்வளவு நுணுக்கமான சட்டம் இருக்கும்போதே, வேண்டாத பாட்டிலை உழவர் தலையில் கட்டுவது மானாவாரிக்காரரின் வயிற்றில் அடிக்கும் செயல்.

இதற்காகக் கடற்பாசிச் சாற்றையே குறை சொல்வது நியாயமாகாது. மண்டபம் கடலோரத்தில் கப்பாபைகஸ் பாசி வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்களின் உழைப்பு அதில் இருக்கிறது. பயிர் பக்கத்தூர்கள் விட்டுத் தூர் கட்டும் பருவத்தில் அது நல்ல செழிப்பு தருவதை நானே கண்டிருக்கிறேன். வறட்சியில் இலைச் சுருளலைத் தள்ளிப்போடுவதில் மட்டும், என் வயலைப் பொறுத்தவரை, அது பிபிஎஃப்எம்முக்கு ஈடாகவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், இந்தப் பருவம் மைத்துனர் தம் ஊர்க் கடையில் பிபிஎஃப்எம் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். அங்கே பிபிஎஃப்எம் பாட்டில்கள் தகரக் கூரைக்கடியில் வெயில் படும் அலமாரியில் அடுக்கியிருப்பதை நான் பார்த்தேன். அந்தச் சூட்டில் உயிர் தங்கியிருக்கும் என்று நம்பிக் காசு கொடுக்க முடியாது. அதைவிட ஒரு சதவீதப் பொட்டாஷ் உரக் கரைசலைத் தெளிக்கட்டும். செலவும் குறைவு, வெயிலில் கெட்டுப்போகும் சரக்கும் அல்ல. பிபிஎஃப்எம்தான் வேண்டும் என்றால் பயிர் தூர் கட்டுவதற்குள் எனக்குச் சொல்லட்டும், கோயம்புத்தூரிலிருந்து எனக்கு வாங்கும்போது அவருக்கும் சேர்த்து வாங்கி வருகிறேன்.