காமெட் சோதனைக் கிட்: ஸ்லைடு அருமை, கையேடு போதாது

கீமோதெரபியும் கதிர்வீச்சும் பெறுகிறவர்களின் ரத்த வெள்ளணுக்களில் டி.என்.ஏ. எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று அளப்பதற்காக, முன்பே பதப்படுத்திய ஸ்லைடுகளுடன் வரும் காமெட் (வால்நட்சத்திர) சோதனைக் கிட் ஒன்றை எங்கள் ஆய்வகத்தில் ஆறு மாதமாகப் பயன்படுத்திவருகிறோம்.

முதலில் ஸ்லைடுகளைப் பாராட்ட வேண்டும். நாமே அகரோஸ் என்ற ஜெல்லைப் பூசிக் காயவைத்த கண்ணாடியைக் காரக் கரைசலிலிருந்து எடுக்கும்போது ஜெல் ஓரத்திலிருந்து உரிந்து வழுக்கிப் போய்விடுவதுண்டு. மருந்து ஏற்றிய சில மணி நேரத்தில் எடுத்த ரத்தத்தை மறுபடி எடுக்க வழியில்லை என்பதால், அப்படி இழந்த ஒவ்வொரு மாதிரியும் மனத்தை உறுத்தும். இந்தக் கிட்டில் இதுவரை ஒரு ஜெல்கூட உரியவில்லை.

செய்முறை, 1988-இல் என். பி. சிங்கும் சகாக்களும் வெளியிட்ட, பி.எச். (அமில-கார அளவு) 13-க்கு மேற்பட்ட கார முறைதான். ஜெல்லில் பதித்த உயிரணுக்களை மின்புலத்தில் வைத்து, பிறகு சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், சேதமில்லாத உயிரணு விளிம்பு கலையாத வட்டமாக ஒளிர்கிறது. டி.என்.ஏ. இழைகள் அறுந்த உயிரணுவோ, மின்புலம் இழுத்த திசையில் மங்கலான ஒரு வாலை நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வாலில் இருக்கும் டி.என்.ஏ.வின் சதவீதமே நாங்கள் குறித்துக்கொள்ளும் அளவு. பின்னணி கறுப்பாகவே இருப்பதால் எண்ணுவது எளிது.

குறை கையேட்டில்தான் இருக்கிறது. வால் நீண்டால் சேதம் அதிகம், குறுகினால் குறைவு என்று அது ஒரே வரியில் முடித்துவிடுகிறது. ஆனால் சிஸ்பிளாட்டின் என்ற கீமோதெரபி மருந்து இழைகளை அறுப்பதைவிட ஒன்றோடொன்று பிணைப்பதே அதிகம். பிணைந்த இழைகள் நகராததால் வால் குறுகிவிடும். எங்கள் இளம் ஆய்வாளர் ஒருவர், கையேட்டை நம்பி, இரண்டாம் சுற்று சிஸ்பிளாட்டின் பெற்ற நோயாளியின் குறிப்பில் “சேதம் குறைந்துள்ளது” என்று எழுதிவிட்டார்; நல்லவேளையாக, அறிக்கை மருத்துவரிடம் போகுமுன் கண்டுபிடித்தோம். அத்தகைய மாதிரியின் ஒரு பகுதிக்குக் குறிப்பிட்ட அளவு எக்ஸ் கதிர் செலுத்தி, சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தத்துக்கும் அதே அளவு செலுத்தி, வால் எவ்வளவு குறைகிறது என்று ஒப்பிட்டால்தான் பிணைப்பு வெளிப்படும். இதைக் கையேட்டில் சொல்லாதது சிறிய விடுபடல் அல்ல.

கதிர்வீச்சால் அறுந்த இழைகளில் பெரும்பகுதியை உயிரணுவே ஒரு மணி நேரத்துக்குள் ஒட்டவைத்துவிடும் என்பதால், ரத்தத்தை உடனே பனிக்கட்டியில் வைக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் அதில் இல்லை. இந்த இரண்டையும் தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு பெட்டியின் மூடிக்குள்ளும் நாங்களே ஒட்டிவருகிறோம்.