மிட்விச் பிள்ளைகளோடு 15 வருடம்

'வில்லேஜ் ஆஃப் தி டேம்ன்ட்' படத்தை முதல் தடவை பார்த்து முடித்ததும் சிரித்துவிட்டேன். 2009 வாக்கில், ஹாஸ்டல் அறையில், நண்பனின் லேப்டாப்பில். பயங்கரமான படம் என்று சொல்லித்தான் போட்டான். ரத்தம் இல்லை, அலறல் இல்லை. வெளுத்த முடிப் பிள்ளைகள் முறைக்கிறார்கள், கண் பல்பு மாதிரி எரிகிறது, பெரியவர்கள் சாகிறார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு ஆறு தடவை பார்த்தாயிற்று. இரண்டாம் பாகத்தோடு சேர்த்து விற்ற டிவிடியையும் வாங்கினேன். இத்தனை வருடத்தில் என்னோடு உட்கார்ந்து பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். அதையெல்லாம் எழுதி வைக்கலாமே என்றுதான் இது. முடிவும் இதில் வரும், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்.

1960இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். இயக்கம் வுல்ஃப் ரில்லா. மொத்தம் 77 நிமிடம்தான். ஜான் விண்டம் 1957இல் எழுதிய 'தி மிட்விச் குக்கூஸ்' நாவல்தான் கதை. காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவது நமக்குத் தெரியாததா? அதேதான். மிட்விச் என்ற ஊரில் ஒரு பகல் முழு ஊரும் மயங்கி விழுகிறது. எழுந்து இரண்டு மாதத்தில், பிள்ளை பெறக்கூடிய பெண்கள் எல்லோரும் கர்ப்பம்.

முதல் கால்மணி நேரத்துக்கு மட்டும் நான் பத்துக்குப் பத்து கொடுப்பேன். கதையின் நாயகனான பேராசிரியர் ஜெல்லபி போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிகிறார். நாயும் படுத்துவிடுகிறது. ஒரு வீட்டில் குழாய்த் தண்ணீர் வழிந்து ஓடுகிறது, இன்னொரு வீட்டில் இஸ்திரிப் பெட்டி துணியைப் பொசுக்குகிறது. ராணுவம் வந்து, ஒரு சிப்பாய்க்கு முகமூடி மாட்டி, இடுப்பில் கயிறு கட்டி உள்ளே அனுப்புகிறது. நாலு எட்டு வைத்ததும் விழுகிறான், கயிற்றைப் பிடித்து இழுக்கிறார்கள். அரக்கன் யாரும் திரைக்கு வரவில்லை. எல்லை எங்கே இருக்கிறது என்று தரையில் அளந்து பார்ப்பதிலேயே வயிறு கலங்கிவிடுகிறது.

கண் விஷயத்துக்கு வருவோம். அக்கா மகள் ஒரு லீவில் என்னோடு பார்த்தாள். தலையில் இருப்பது விக் என்று இரண்டாவது காட்சியிலேயே சொல்லிவிட்டாள். உண்மைதான், தலை பெரிதாகத் தெரிவதற்காக வைத்த விக். கண் எரியும் இடங்களில் பெரும்பாலும் படத்தை அப்படியே உறைய வைத்து, அதன் மேல் ஒளியை ஏற்றியிருக்கிறார்கள். கூர்ந்து பார்த்தால் பிள்ளையின் முகத்தில் ஓர் அசைவும் இருக்காது. இது தெரிந்த பிறகு எனக்குப் பயம் குறையும் என்று நினைத்தேன். கூடியது. உயிருள்ள பிள்ளை சட்டென்று போட்டோவாகிவிடுவது கண் எரிவதைவிட மோசம்.

என் மனைவியின் புகார் வேறு. “பெத்தவங்க எங்கங்க? எல்லாம் ஆம்பளைங்க ரூம்ல உக்காந்து பேசிட்டே இருக்காங்க” என்றாள். நியாயம்தான். புருஷன் ஒரு வருடமாகக் கடலில் இருக்க இவள் கர்ப்பம், யாரையும் தொடாத 17 வயதுப் பெண் கர்ப்பம். இதையெல்லாம் வைத்தே ஒரு முழுப்படம் எடுக்கலாம். படமோ டாக்டர் முகத்தைக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. ஜெல்லபியின் மனைவியாக வரும் பார்பரா ஷெல்லி ஒருத்திதான் தாய் என்று தெரிகிற மாதிரி நடித்திருக்கிறார்.

படம் எடுத்த ஊர் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் இருக்கும் லெச்மோர் ஹீத். வாட்ஃபர்டில் இருக்கும் சித்தி மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது கிருஷ்ண ஜெயந்திக்கு பக்திவேதாந்த மேனருக்குக் கூட்டிப்போனாள். பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1973இல் ஹரே கிருஷ்ணா இயக்கத்துக்குக் கொடுத்த மாளிகை. அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் அந்த ஊர். புல்வெளி, குளம், 'த்ரீ ஹார்ஸ்ஷூஸ்' பப் எல்லாம் அப்படியே இருக்கின்றன. எனக்கு உடம்பு சிலிர்த்தது, அவளுக்கு ஏன் என்று புரியவில்லை. கோவிலில் ஆயிரக்கணக்கான பேர் ஒரு குழந்தை பிறந்ததைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் பாகம் 1964இல் வந்தது. ஆறு நாட்டுப் பிள்ளைகள், அதில் இந்தியாவும் உண்டு. நல்ல எண்ணம், நீளமான பேச்சு. ஜான் கார்பென்டர் 1995இல் வண்ணத்தில் திரும்ப எடுத்தது என் வீட்டில் ஒரே தடவை ஓடியது.

ஜெல்லபியாக நடித்த ஜார்ஜ் சாண்டர்ஸை நம் ஆட்கள் பலர் முகம் தெரியாமலே கேட்டிருப்பார்கள். 1967 'ஜங்கிள் புக்' கார்ட்டூனில் ஷேர் கான் புலிக்குக் குரல் அவர்தான். அந்த நிதானமான குரலுக்கு எதிரே மார்ட்டின் ஸ்டீஃபன்ஸ் என்ற பையன், அந்தப் பிள்ளைகளின் தலைவன் டேவிடாக நின்று, அதே நிதானத்தோடு பதில் சொல்கிறான்.

ஏழாவது தடவை அப்பாவோடு பார்த்தேன், போன வருடம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பாதிப் படத்தில், “சத்தம் போடல, அடிச்சுக்கல, சொன்ன உடனே புரிஞ்சுக்குதுங்க. இப்படிப் பசங்க கிடைக்கணும்னுதானே ஊரே வேண்டிக்குது?” என்றார். அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. புதிர்ப்பெட்டியை ஒரு பிள்ளை திறக்கக் கற்றால் எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்துவிடுகிறது. உடை கசங்குவதில்லை, குரல் உயர்வதில்லை. ஓர் ஆளைக் காரோடு சுவரில் மோதவைக்கும்போதும் அதே ஒழுங்கு. பெற்றவர்கள் ஆசைப்பட்டது அத்தனையும் அந்தப் பிள்ளைகளிடம் இருக்கிறது, பெற்றவர்கள் மேல் பாசத்தைத் தவிர.

ரஷ்யாவில் இதே மாதிரிப் பிள்ளைகள் இருந்த ஊரை, ஊர்க்காரர்களோடு சேர்த்து அணுகுண்டு வீசும் பீரங்கியால் அழித்துவிட்டார்கள் என்று செய்தி வருகிறது. பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவந்த ஜெல்லபி தன் பையில் குண்டை வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போகிறார். பிள்ளைகள் மனதைப் படித்துவிடும் என்பதால் செங்கல் சுவரை மட்டுமே நினைத்துக்கொண்டு நிற்கிறார். சுவர் செங்கல் செங்கலாக உதிர்கிறது. கடிகாரம் ஓடுகிறது.

படம் முடிந்ததும் அப்பா, “அன்னைக்கு என்ன பாடம் எடுக்க வந்தார்?” என்று கேட்டார்.

“அணுசக்தி” என்றேன்.

“கடிகாரத்தைப் பாக்காம கிளாஸ் எடுக்கறது கஷ்டம்டா. பசங்க கண்டுபிடிச்சிடுவாங்க” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.